ஆபீஸ் இன்சூரன்ஸ்: ஆஃபர் லெட்டரில் நீங்க படிக்காமல் விடும் அந்த ஒரு வரி



ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்ததும் நம்ம கண் நேரா எங்கே போகும்? சிடிசி-க்குத்தான். அடுத்து, "பிடித்தம் போக கையில எவ்வளவு வரும்?" என்று ஒரு கணக்கு. அதோடு லெட்டரை மூடிவிடுவோம். மூணாவது, நாலாவது பக்கத்தில் "மருத்துவக் காப்பீடு: கம்பெனி பாலிசிப்படி" என்று ஒற்றை வரி இருக்கும். அதைப் பெரும்பாலும் யாரும் நின்று படிப்பதில்லை.

ஆனா உங்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனி அந்த ஒற்றை வரிக்காக வருஷா வருஷம் பணம் கட்டுகிறது. ஒரே காரணம்தான்: நல்ல ஆட்கள் உள்ளே வரணும், வந்தவங்க சீக்கிரம் வெளியே போகக் கூடாது. அந்த வரிக்கு உங்க வாழ்க்கையில் என்ன மதிப்பு, எங்கே அது உங்களைக் காப்பாற்றும், எங்கே உங்களைக் கட்டிப்போடும் என்பதை இன்னைக்குக் கணக்கோடு பார்த்துவிடலாம்.

கம்பெனி ஏன் சம்பளத்தோடு இன்சூரன்ஸும் தருகிறது?

இந்தப் பழக்கம் பெரிய அளவில் வேர்விட்டது அமெரிக்காவில். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ல், விலைவாசி எகிறாமல் இருக்க அங்கே சம்பள உயர்வுக்குச் சட்டம் போட்டுத் தடை கொண்டு வந்தார்கள். ஆட்கள் போருக்குப் போய்விட்டதால் தொழிற்சாலைகளுக்கு ஆள் பஞ்சம். சம்பளத்தைக் கூட்டி ஆள் பிடிக்கவும் வழியில்லை. மருத்துவ இன்சூரன்ஸ் மாதிரி சலுகைகள் மட்டும் அந்தத் தடைக்குள் வரவில்லை. கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. பிறகு 1954-ல் வந்த வரிச் சட்டம், கம்பெனி கட்டும் பிரீமியத்துக்கு ஊழியர் வரி கட்ட வேண்டாம் என்பதை உறுதி செய்தது. அதற்குப் பிறகு அங்கே வேலையும் மருத்துவ இன்சூரன்ஸும் பிரிக்க முடியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டன.

நம்ம நாட்டில் தொடக்கம் வேறு. 1948-ல் வந்த இஎஸ்ஐ சட்டம், குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசு வழியாகவே மருத்துவப் பாதுகாப்பைக் கொடுத்தது. அந்த வரம்புக்கு மேலே சம்பளம் வாங்குபவர்களுக்குத் தனியார் கம்பெனிகள் குரூப் பாலிசி எடுக்க ஆரம்பித்தன. 2020 ஏப்ரலில், லாக்டவுனுக்குப் பிறகு மீண்டும் இயங்க நினைத்த நிறுவனங்கள் ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. அதுவரை இதைப் பற்றி யோசிக்காத சின்னக் கம்பெனிகள்கூட அப்போதுதான் குரூப் பாலிசி பக்கம் திரும்பிப் பார்த்தன.

சரி, கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? மூன்று விஷயம்.

முதலாவது, கூட்டமாக வாங்கினால் மலிவு. நீங்க தனியாகப் போய் பாலிசி கேட்டால், "இவருக்கு என்ன நோய் இருக்கோ, ஏன் இப்போ வாங்குறாரோ" என்று இன்சூரன்ஸ் கம்பெனி யோசிக்கும். 300 பேர் உள்ள ஒரு ஆபீஸே மொத்தமாக வந்தால் அந்தச் சந்தேகம் குறைவு. நல்ல உடம்போடு இருப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் அதில் கலந்து இருப்பார்கள். அதனால்தான் மெடிக்கல் டெஸ்ட் இல்லாமல், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவர் தர முடிகிறது.

இரண்டாவது, வரி. கம்பெனிக்கு இந்தப் பிரீமியம் தொழில் செலவு. உங்களுக்காகவும் உங்க குடும்பத்துக்காகவும் கம்பெனி கட்டும் மருத்துவப் பிரீமியம் உங்க சம்பள வருமானத்தில் சேராது. அதே தொகையைச் சம்பளமாகக் கொடுத்தால், உங்க ஸ்லாபைப் பொறுத்து அதில் வரி போகும்.

மூன்றாவதுதான் முக்கியம்: பிடிமானம். மாசம் 2,000 ரூபாய் இன்க்ரிமென்ட் மூணு மாசத்தில் பழகிப்போகும். ஆனா அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்தபோது ஆபீஸ் பாலிசி பில்லைக் கட்டியது மறக்காது. அந்த நன்றியும், "இந்த பாலிசி போயிடுமே" என்கிற பயமும் சேர்ந்துதான் பலரை ஒரே நாற்காலியில் உட்கார வைக்கின்றன. இதற்குப் பொருளாதாரத்தில் 'ஜாப் லாக்' என்று ஒரு பெயரே உண்டு.

உங்க பேரில் மொத்தம் எத்தனை பாலிசி இருக்கு?

"ஆபீஸ் இன்சூரன்ஸ்" என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒன்று அல்ல, பல. உங்க ஆபீஸில் எது எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்க.

குரூப் மெடிக்ளைம்: ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் பில்லைக் கட்டும் பாலிசி. உங்களுக்கு மட்டுமா, மனைவி அல்லது கணவர், குழந்தைகளுக்குமா, பெற்றோருக்குமா என்பதில்தான் இதன் மொத்த மதிப்பும் இருக்கிறது.

குரூப் பர்சனல் ஆக்ஸிடென்ட்: விபத்தில் உயிரிழப்பு, நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு மொத்தமாகத் தொகை தரும். சில பாலிசிகளில், விபத்தால் வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கும் இழப்பீடு உண்டு. தினமும் பைக்கில் போய்வரும் இளைஞர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஆனா இது தன் பேரில் இருப்பதே பலருக்குத் தெரியாது.

குரூப் டெர்ம் லைஃப்: வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குத் தொகை வரும். சில கம்பெனிகள் ஆண்டுச் சம்பளத்தின் இத்தனை மடங்கு என்று தரும், சில எல்லோருக்கும் ஒரே தொகை தரும். ஒரு வரம்பு வரை மெடிக்கல் டெஸ்ட் இல்லாமலே கவர் கிடைக்கும் என்பது இதன் பலம்.

இடிஎல்ஐ: பிஎஃப் பிடித்தம் உள்ள எல்லோருக்கும் இது தானாகவே உண்டு. நீங்க ஒரு பைசா கட்ட வேண்டாம். கம்பெனி உங்க பிஎஃப் சம்பளத்தில் 0.5% கட்டுகிறது. 15,000 ரூபாய் வரம்பு இருப்பதால் அதிகபட்சம் மாசம் 75 ரூபாய். ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு இதிலிருந்து அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாத குடும்பம் க்ளைம் பண்ணாமல் விட்டுவிடும். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்க.

இஎஸ்ஐ: மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு. கம்பெனி 3.25%, நீங்க 0.75%. 20,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்க பங்கு 150 ரூபாய், கம்பெனி பங்கு 650 ரூபாய். இந்த 800 ரூபாயில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை, உடம்பு சரியில்லாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70%, பெண்களுக்கு 26 வாரம் பிரசவகாலப் பலன் எல்லாம் வருகிறது.

இஎஸ்ஐ-யில் இருப்பவர்கள் ஒரு இடத்தில் கவனமாக இருக்கணும். உங்க சம்பளம் 20,500-லிருந்து 22,000 ஆகிறது என்று வெச்சுக்கோங்க. சந்தோஷம்தான். ஆனா ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆறு ஆறு மாசமாக ஓடும் அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் நீங்க இஎஸ்ஐ-யிலிருந்து வெளியே வருவீங்க. அந்த நேரத்தில் கம்பெனி உங்களை குரூப் மெடிக்ளைமில் சேர்க்கவில்லை என்றால், 1,500 ரூபாய் கூடுதல் சம்பளத்துக்குக் குடும்பத்தின் மொத்த மருத்துவப் பாதுகாப்பையும் கொடுத்த கதையாகிவிடும். இன்க்ரிமென்ட் லெட்டர் வாங்கும் அன்றே எச்ஆர்-இடம் இதைக் கேட்டுவிடுங்க.

இரண்டு ஆஃபர், ஒரு கணக்கு

28 வயது, திருமணம் ஆகாதவர். ஊரில் அப்பாவுக்கு 62, அம்மாவுக்கு 58. அப்பாவுக்குச் சர்க்கரை, பிபி. கையில் இரண்டு ஆஃபர்.

ஆஃபர் 1: சிடிசி 9,00,000. மெடிக்ளைம் 3 லட்சம், ஊழியருக்கு மட்டும்.

ஆஃபர் 2: சிடிசி 8,70,000. மெடிக்ளைம் 5 லட்சம், ஊழியருக்கும் பெற்றோருக்கும், பிரீமியம் முழுக்க கம்பெனி கட்டும், சிடிசி-யில் சேராது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே கவர்.

புதிய வரி முறையில் 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வரி இல்லை. அதனால் இரண்டு ஆஃபரிலும் வரி பூஜ்யம். வித்தியாசம் வருஷத்துக்கு 30,000 ரூபாய், மாசத்துக்கு 2,500 ரூபாய்.

இப்போ ஒரு வேலை செய்யுங்க. அந்த அப்பா அம்மாவுக்கு 5 லட்சத்துக்குத் தனியாக ஒரு பாலிசிக்கு கொட்டேஷன் எடுத்துப் பாருங்க. சர்க்கரை, பிபி இருப்பதைச் சொல்லியே எடுங்க. பெரும்பாலும் வரும் பிரீமியம் அந்த 30,000-ஐத் தாண்டித்தான் நிற்கும். அது மட்டும் இல்லை. தனிநபர் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருஷம் வரை வெயிட்டிங் பீரியட் வைக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உரிமை உண்டு. ஆஃபர் 2-ல் அது முதல் நாளே கிடைக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு 8.7 லட்சம்தான் பெரிய சம்பளம்.

அதே சமயம், பெற்றோர் இருவருமே அரசு ஊழியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள், அவங்களுக்கு வேறு மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்றால் ஆஃபர் 1-ஐ எடுப்பதில் தப்பே இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: இன்சூரன்ஸுக்கு ஒரு விலை போட்டு, அதைச் சம்பளத்தோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு எடுங்க.

5 லட்சம் என்றால் 5 லட்சம் தானா?

பாலிசியில் பெரிய எழுத்தில் இருப்பது தொகை. சின்ன எழுத்தில் இருப்பதுதான் க்ளைம் அன்று பேசும். அதில் முதலில் பார்க்க வேண்டியது ரூம் வாடகை வரம்பு.

3 லட்சம் பாலிசி, ரூம் வாடகை வரம்பு 1% என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். நீங்க எடுத்த ரூம் 6,000 ரூபாய். ஐந்து நாள் தங்கினீங்க. பில் இப்படி வருகிறது:

ரூம் வாடகை 30,000. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் 1,50,000. மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் 60,000. மொத்தம் 2,40,000.

"3 லட்சம் கவர் இருக்கே, ரூமுக்கு 15,000 மட்டும் கையிலிருந்து போட்டால் போதும்" என்றுதான் நினைப்போம். ஆனா வரம்பைப் போல இரண்டு மடங்கு ரூம் எடுத்ததால், ரூமோடு சேர்ந்து ஏறும் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் போன்ற செலவுகளிலும் பாதியைத்தான் பாலிசி தரும். மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் ஆகியவற்றில் இந்த வெட்டு கிடையாது. ஆக கிடைப்பது 15,000 + 75,000 + 60,000 = 1,50,000. உங்க கையிலிருந்து 90,000.

15,000 ரூபாய் ரூம் வித்தியாசம் 90,000 ரூபாய் செலவாக மாறியது. அட்மிஷன் கவுன்டரில், "எங்க பாலிசியில் ரூம் வரம்பு இவ்வளவு, அதற்குள் ரூம் கொடுங்க" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

அடுத்து கோ-பே. பெற்றோரின் க்ளைமில் 10%, 20% நீங்களே கட்டணும் என்ற நிபந்தனை பல ஆபீஸ் பாலிசிகளில் உண்டு. 2 லட்சம் பில்லில் 20% என்றால் 40,000 ரூபாய். அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கணும்.

பிரசவத்துக்கு எவ்வளவு வரம்பு என்றும் பாருங்க. பல தனிநபர் பாலிசிகளில் பிரசவச் செலவுக்கு 2 வருஷம், அதற்கு மேலும் காத்திருக்கணும். பல குரூப் பாலிசிகளில் அந்தக் காத்திருப்பு கிடையாது. கம்பெனிகள் இளம் ஊழியர்களைக் கவர இதை முன்னால் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று, பெயர் சேர்ப்பதற்கான கெடு. திருமணம் ஆனாலோ, குழந்தை பிறந்தாலோ, குறிப்பிட்ட நாட்களுக்குள் பெயரைச் சேர்க்கணும். பல ஆபீஸ்களில் அது 30 நாள். தவறவிட்டால் அடுத்த ரினியூவல் வரை காத்திருக்க வேண்டியதுதான். கல்யாண வேலையில் எச்ஆர் போர்ட்டல் யாருக்கு ஞாபகம் வரும்? அதனால் பத்திரிகை அடிக்கும்போதே போன் காலண்டரில் ரிமைண்டர் போட்டு வையுங்க.

இந்த பாலிசி வருஷத்துக்கு வருஷம் மாறும்

உங்க ஆபீஸ் பாலிசி ஒரு வருஷ ஒப்பந்தம். வருஷக் கடைசியில் இன்சூரன்ஸ் கம்பெனி கணக்குப் பார்க்கும். 50 லட்சம் பிரீமியம் வாங்கி 60 லட்சம் க்ளைம் கொடுத்திருந்தால், அடுத்த வருஷம் பிரீமியத்தை ஏற்றிக் கேட்கும். அப்போது கம்பெனியின் முன் இரண்டு வழி: கூடுதலாகக் கட்டுவது அல்லது பலன்களைக் குறைப்பது.

குறைக்கும்போது முதலில் கை வைப்பது பெற்றோர் கவரில்தான். ஏன்னா அதிக க்ளைம் வருவது அங்கேதான். கோ-பே சேர்ப்பார்கள். இல்லையென்றால், "பெற்றோர் பிரீமியத்தை நீங்களே கட்டிக்கோங்க, சம்பளத்தில் பிடிச்சுக்கிறோம்" என்பார்கள்.

உங்க கையிலிருந்து பிரீமியம் போகும் நிலை வந்தால் ஒரு ஒப்பீடு செய்யணும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த், லைஃப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. குரூப் பாலிசிகளுக்கு 18% தொடர்கிறது. பெற்றோருக்கான பிரீமியம் 30,000 என்றால் வரியோடு 35,400. அதற்காக உடனே வெளியே ஓட வேண்டாம். வெயிட்டிங் பீரியட் இல்லாத கவருக்கு இந்த 5,400 நியாயமான விலையாகவும் இருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு பண்ணுங்க.

வரி விஷயத்தில் ஒரு குறிப்பு. நீங்க கட்டிய பிரீமியத்துக்குத்தான், அதுவும் பழைய வரி முறையில்தான், 80டி என்று நாம் பழகிய கழிவு கிடைக்கும். பெற்றோருக்கு 25,000 வரை, அவர்களில் ஒருவர் 60 வயதைத் தொட்டவர் என்றால் 50,000 வரை. கம்பெனி கட்டியதைக் காட்டிக் கழிவு கேட்க முடியாது. மாமனார், மாமியாரை ஆபீஸ் பாலிசியில் சேர்க்க முடிந்தாலும், அவர்களுக்காகக் கட்டிய பிரீமியத்துக்கு இந்தக் கழிவு கிடையாது.

வேலையை விடும் நாள்

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்க.

உங்க கடைசி வேலை நாளோடு ஆபீஸ் மெடிக்ளைம் பொதுவாக முடிந்துவிடும். பெற்றோர் கவரும் அதே நாளில் போய்விடும். புதிய கம்பெனியில் சேரும் நாளில்தான் புதிய கவர் தொடங்கும். நடுவில் 20 நாள் ஊருக்குப் போய் ஓய்வு எடுக்கலாம் என்று நீங்க திட்டம் போட்டிருந்தால், அந்த 20 நாளும் மொத்தக் குடும்பமும் குடையில்லாமல் நிற்கிறது.

அமெரிக்காவில் இதற்காக 1986-ல் கோப்ரா என்று ஒரு சட்டம் வந்தது. வேலை போனாலும், முழுப் பிரீமியத்தையும் தன் கையிலிருந்து கட்டி, அதே குரூப் பாலிசியில் பொதுவாக 18 மாசம் வரை தொடரலாம். நம்ம நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. நமக்கு இருப்பது மைக்ரேஷன். அதாவது, குரூப் பாலிசியிலிருந்து விலகும்போது அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள ஐஆர்டிஏஐ விதிகள் வழி செய்கின்றன. குரூப்பில் இருந்த வருஷங்கள் வெயிட்டிங் பீரியட் கணக்கில் கழிக்கப்படும். ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி உங்க உடல்நிலையைப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்ளும். பிரீமியமும் தனிநபர் கணக்குப்படிதான் இருக்கும்.

இதை நோட்டீஸ் பீரியடிலேயே செய்யணும். ராஜினாமா மெயில் போட்ட வாரமே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எச்ஆர்-க்கும் எழுத்தில் கேளுங்க. கடைசி நாளுக்குப் பிறகு கேட்டால், "நீங்க இப்போ எங்க மெம்பர் இல்லையே" என்ற பதில்தான் வரும்.

இன்னொரு பக்கமும் பாருங்க. பிடிக்காத வேலையில், சம்பளம் ஏறாத இடத்தில், "அம்மாவோட கவர் போயிடுமே" என்ற ஒரே காரணத்துக்காக வருஷக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்வேன்: அந்த கவருக்கு மேலே பார்த்த மாதிரி ஒரு விலை போடுங்க. வருஷத்துக்கு 45,000 என்று வருகிறதா? அப்படியென்றால் புதிய வேலை கையில் 45,000-க்கு மேல் கூடுதலாகத் தந்து, வெயிட்டிங் பீரியடைச் சமாளிக்க ஒரு வழியும் இருந்தால், நீங்க மாறலாம். விலை தெரியாதவரைதான் அது சங்கிலி. விலை தெரிந்துவிட்டால் அது பேச்சுவார்த்தையில் ஒரு எண். புதிய கம்பெனியிடமே, "இப்போ எனக்குப் பெற்றோர் கவர் இருக்கு, இங்கே இல்லை, அந்தத் தொகையைச் சம்பளத்தில் சேர்க்க முடியுமா?" என்று கேளுங்க. கேட்பதில் தப்பில்லை.

அப்போ சொந்தமா ஒரு பாலிசி வேண்டுமா?

வேண்டும். உடம்பு நல்லா இருக்கும்போதே வேண்டும்.

26 வயதில் எடுத்தால் பிரீமியம் குறைவு. வெயிட்டிங் பீரியட் எல்லாம் நீங்க ஆரோக்கியமாக இருக்கும்போதே ஓடி முடிந்துவிடும். தொடர்ந்து 60 மாசம் கட்டிவிட்டால், அதன் பிறகு, மோசடி தவிர வேறு எதையும் காட்டி, "நீங்க அன்னைக்கு இதைச் சொல்லலை" என்று இன்சூரன்ஸ் கம்பெனி க்ளைமை மறுக்க முடியாது. 26-ல் தொடங்கினால் 31-லேயே அந்தப் பாதுகாப்பு வந்துவிடும்.

5 லட்சம் அடிப்படை பாலிசி, அதற்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப். இந்த ஜோடி பெரும்பாலான இளம் ஊழியர்களுக்குப் போதும். சூப்பர் டாப்-அப் என்பது, ஒரு வருஷத்தின் மொத்த பில் குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய பிறகு வேலை செய்யத் தொடங்கும் பாலிசி. அதனால் பிரீமியம் குறைவு. ஆபீஸ் பாலிசியை மட்டும் நம்பி சூப்பர் டாப்-அப் வாங்காதீங்க. வேலை போனால் அந்த முதல் 5 லட்சத்துக்கு உங்க பர்ஸ்தான் பதில் சொல்லணும்.

இரண்டு பாலிசி இருந்தால் எதில் க்ளைம் பண்ணுவது? அந்த உரிமை உங்களுடையது. முதலில் ஆபீஸ் பாலிசியைப் பயன்படுத்துங்க. மிச்சத்தை உங்க பாலிசியில் கேட்கலாம். பில் ஆபீஸ் பாலிசிக்குள்ளேயே அடங்கிவிட்டால், உங்க சொந்த பாலிசியின் நோ-க்ளைம் போனஸ் அப்படியே இருக்கும்.

டெர்ம் இன்சூரன்ஸும் அப்படித்தான். உங்களை நம்பி ஆட்கள் இருந்தால், ஆபீஸ் தரும் தொகையைக் கணக்கிலேயே எடுக்காமல் சொந்தமாக ஒன்று எடுங்க. ஆபீஸ் தருவது மேலே கிடைக்கும் கூடுதல்.

எச்ஆர்-க்கு அனுப்ப வேண்டிய மெயில்

புதிய ஆஃபரை ஏற்கும் முன்பும், ஒவ்வொரு ரினியூவலின்போதும் இந்தக் கேள்விகளை எழுத்தில் கேளுங்க:

1. மெடிக்ளைம் தொகை எவ்வளவு? தலைக்கா, மொத்தக் குடும்பத்துக்கா?
2. யார் யாரைச் சேர்க்கலாம்? பெற்றோர் பிரீமியம் யார் கட்டுவது?
3. பிரீமியம் என் சிடிசி-க்குள் வருகிறதா?
4. ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா?
5. ரூம் வாடகை வரம்பு, கோ-பே, பிரசவ வரம்பு எவ்வளவு?
6. புதிதாகப் பெயர் சேர்க்க எத்தனை நாள் கெடு?
7. ஆக்ஸிடென்ட், டெர்ம் லைஃப் உண்டா? தொகை எவ்வளவு? என் நாமினி யார் என்று பதிவாகி இருக்கிறது?
8. நான் விலகினால் கவர் எந்தத் தேதியில் முடியும்?

ஏழாவது கேள்வியைச் சாதாரணமாக விட்டுவிடாதீங்க. திருமணத்துக்கு முன் போட்ட பிஎஃப் நாமினேஷன், திருமணத்துக்குப் பின் செல்லாமல் போக வாய்ப்பு உண்டு. இடிஎல்ஐ தொகையும் பிஎஃப் நாமினேஷனைத் தொட்டுத்தான் வருகிறது. கல்யாணம் முடிந்ததும் இபிஎஃப்ஓ போர்ட்டலில் புதிதாக ஈ-நாமினேஷன் போட்டுவிடுங்க.

ரினியூவலுக்கு இரண்டு மாசம் முன்பே நாலைந்து பேர் சேர்ந்து எச்ஆர்-இடம் பேசுவதும் பலன் தரும். "ரூம் வரம்பை எடுத்துடுங்க, பெற்றோர் பிரீமியத்தில் பாதியை நாங்க கட்டிக்கிறோம்" என்று ஊழியர்கள் கேட்டால், கம்பெனி புரோக்கரிடம் பேசும்போது அதையும் மேசையில் வைக்க முடியும். ஊழியர்களைத் தக்கவைக்கத்தான் இந்தச் செலவு என்றால், ஊழியர்களுக்கு எது தேவை என்று தெரிவது கம்பெனிக்கும் நல்லதுதானே.

கடைசியாக, இன்னைக்கே பத்து நிமிஷத்தில் முடிக்கக்கூடிய ஒரு வேலை. ஆபீஸ் இன்சூரன்ஸ் போர்ட்டலுக்குள் போய், உங்க குடும்பத்தில் ஒவ்வொருவருடைய ஈ-கார்டையும் டவுன்லோட் பண்ணுங்க. அப்பா அம்மா வயது, பெயர், எழுத்துப்பிழை சரியா என்று பாருங்க. ஊரில் அவங்களுக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் வசதி இருக்கிறது என்று தேடி, அந்தப் பெயரையும் ஈ-கார்டையும் அவங்க வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்க. பக்கத்து வீட்டு உறவினர் ஒருவருக்கும் அனுப்புங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தால், நீங்க பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்கு முன்பே அந்த கார்டு அட்மிஷன் கவுன்டரில் இருக்கணும்.